பூசணிக்காய் வழுக்குமா?

சரி, எல்லாரும் திட்டி முடித்துவிட்டீர்களா? இனி நான் வாயைத் திறக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தேத்தண்ணிக் கடையில் நாம் கூடுகிறோம். ஏறக்குறைய எல்லாரும் ஒரே வயதுக்காரர்கள். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குச் சீனி வியாதி, எனக்குப் பிரஷர். ஆனால் வியாதியைப் பற்றி இங்கே யாரும் மூச்சு விடுவதில்லை. கடைக்காரம்மா தன் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பாள். கார் ஓட்டம் இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் சண்டை பிடிப்போம். வரப்போகும் சீசனில் இன்ஜின் சட்டம் மாறுகிறதாம், அதில் யார் முந்துவார்கள், ஆரஞ்சு அணி தன் இரண்டு ஓட்டுநர்களையும் உண்மையிலேயே சமமாக நடத்துகிறதா, மீசை முளைக்காத பையனுக்குப் பெரிய காரைக் கொடுப்பது நியாயமா என்று கத்துவோம்.

"செவப்புக் கார்க்காரன நம்பியே என் வயசு போச்சுக்கா" என்பார் த்ரீவீல்காரர்.

"கார் நல்ல கார்தான். டயர் மாத்திற இடத்திலதான் அவையள் எப்பவும் கோட்டை விடுறவை" என்பார் தபால் கந்தோர் ஐயா. வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, இங்கேயே பென்ஷனும் எடுத்துவிட்ட மனிதர்.

எனக்கு இந்தக் கத்தல் பிடிக்கும். ஆனால் போன மாதம் நம்முடைய பழைய தோட்டத்து ரோட்டில் கார்களுக்கான மலை ஓட்டம் நடந்ததிலிருந்து, ஃபோனில் எந்த ஓட்டம் ஓடினாலும் பேச்சு கடைசியில் என் தலையில் வந்து விழுகிறது. வயதான மனிதர், றக்வான டவுனில் பெரிய இரும்புக்கடை முதலாளி, அன்றைய ஓட்டத்துக்குப் பிரதம விருந்தாளி, அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து ரோட்டைக் கூட்ட வைத்துவிட்டேனாம். வெட்கமில்லையா என்று கேட்கிறீர்கள்.

"நீங்க செய்தது சரியில்லைப் பாருங்கோ, தங்கச்சி" என்று ஐயா போன வாரம் சொன்னார். "என்ன கோவம் இருந்தாலும் வயசு போன மனுசன்."

வெட்கமில்லை ஐயா. துளிகூட இல்லை. நீங்கள் எல்லாரும் மேலே பங்களா மேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அங்கிருந்து பார்த்தால் விளக்குமாறு மட்டும்தான் தெரிந்திருக்கும். வளைவில் என்ன பேச்சு நடந்தது என்று நம்மில் எனக்கும் த்ரீவீல்காரருக்கும்தான் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் நான் பிள்ளையாக இருந்த காலத்து ஒரு சீசனைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் தோட்டத்தில் அதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள்தான். கதை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாது.

*

அந்தக் காலத்தில் மலை ஓட்டம் என்றால் நமக்குச் சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னாலேயே வரும் இன்னொரு வருஷப் பிறப்பு. தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் புறப்பட்டு, தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, துரை பங்களா மேட்டில் முடியும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கடிகாரத்தோடுதான் போட்டி. இரத்தினபுரியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கார்கள் வரும், ஆனால் நமக்கு இரண்டே பேர்தான் கண்ணில் தெரிவார்கள். ஒருவர் றக்வானயில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக், நாம் பாஸ் என்போம். உடைந்த கார்களிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கழற்றித் தன் காரைத் தானே கட்டியவர். இன்னொருவர் நம்முடைய பெரிய துரையின் மகன். அவருடைய கார் வெள்ளை, கப்பலில் வந்தது.

மாசி மாதத்துப் பனி இறங்கும்போதே மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் பேச்சு தொடங்கிவிடும். வாளி நிறையும் வரைக்கும் பேச்சு, நிறைந்த பிறகும் பேச்சு, பின்னால் நிற்பவள் வாளியைக் காலால் தள்ளும்வரை பேச்சு. பாஸ் இந்த முறை பழைய டயரோடு வருவாரா, துரை மகனுக்குப் புது கார்பரேட்டர் வந்திருக்கிறதா. கொழுந்து எடுக்கும் பெண்கள்தான் அதிகம் வாதாடுவார்கள். ரோட்டோர மலையில் நின்று வேலை செய்கிறவர்கள், பயிற்சி ஓட்டம் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே! கங்காணிக்குக் கேட்கும் இடத்தில் துரை மகன் கட்சி, பீலியில் பாஸ் கட்சி.

என் அப்பா கொழுந்து லொறி டிரைவர். அந்த ரோட்டில் தினமும் ஏறி இறங்கியவர். லயத்து வாசலில் குந்தியிருந்து பல் விளக்கிக்கொண்டே, கீழே கேட்கிற சத்தத்தை வைத்து எந்தக் கார் எந்த வளைவில் நிற்கிறது என்று சொல்லுவார். பாஸ் என்றால் அப்பாவுக்கு உயிர். ஆனால் அந்த உயிரிலும் ஒரு நியாயம் இருந்தது. பீலியில் யாராவது துரை மகனை மட்டம் தட்டினால் விடமாட்டார்.

"அந்தத் தம்பியும் நல்லாத்தான் ஓட்டுது. பொய் சொல்லக் கூடாது. முச்சந்தி வளைவுல அது காரத் திருப்புற மாதிரி பாஸால முடியாது" என்பார்.

"அப்ப நீங்க எந்தக் கட்சிண்ணே?"

"நான் பாஸ் கட்சி. ஆனா கண்ணு தொறந்த கட்சி."

எனக்கு அப்பா ஒரு கார் செய்து கொடுத்திருந்தார். மீன் டின்னை வெட்டி, குடைக்கம்பியை அச்சாக்கி, தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக அறுத்துச் சில்லு வைத்தது. லொறியின் பின்பலகைக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு மையைப் பூசி, இரண்டு பக்கமும் வெள்ளையில் ஏழு என்று போட்டார். பாஸின் காரும் ஏழாம் நம்பர்தான். வெயிலில் வைத்தால் அதில் மீன் வாடை வரும். எனக்கு அது ரேஸ் காரின் வாடை. இன்றைக்கும் மீன் டின் உடைக்கும்போது எனக்கு வயிற்றுக்குள் ஒரு இன்ஜின் ஓடும். சிரிக்காதீர்கள், உண்மை.

முச்சந்தி வளைவு எது என்று நினைவிருக்கிறதா? கொண்டை ஊசி மாதிரி மடங்கிய திருப்பம். லயத்திலிருந்து இறங்கும் குறுக்குப்பாதையும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பாதையும் பெரிய ரோட்டில் வந்து சேரும் இடம். நம் தோட்டத்தில் மூன்று பாதை சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். அதனால் திருஷ்டி கழிப்பது, பேய் விரட்டுவது, பிள்ளைக்குச் சுற்றிப் போடுவது எல்லாம் அங்கேதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஓட்டத்தன்று காலையில் நான் எல்லாருக்கும் முந்தி வளைவுக்குப் போனேன். மண்திட்டில், தேயிலைச் செடிக்குக் கீழே இடம் பிடிக்க வேண்டும். கையில் மீன் டின் கார். பனி முழுதாகக் கலையவில்லை.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை வந்தார். ஆமாம், அவரேதான். இன்றைய இரும்புக்கடை முதலாளி. அன்றைக்கு இளம் ஆள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான், ஆனால் துரை தும்மினால் இவர் மூக்கைத் துடைப்பார். கையில் ஒரு பெரிய பூசணிக்காய். மேலே வெட்டிக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றியிருந்தார். வளைவின் நடுவில் நின்று பங்களா இருக்கும் பக்கம் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார்.

"நம்ம சின்னையா மேல விழுந்த கண்ணெல்லாம் கழியணும். லயத்துக் கண்ணு, டவுன் கண்ணு, கராஜ் கண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னார்.

போட்டு உடைத்தார். தார் ரோட்டில், கார் திரும்புகிற அதே இடத்தில். பெரிய துண்டுகளைச் சப்பாத்து நுனியால் கானுக்குள் தள்ளினார். தள்ளிவிட்டுப் போய்விட்டார். கூழும் விதையும் குங்குமமும் ரோட்டிலேயே கிடந்தன. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். துரை மகனுக்கு நல்லது செய்யத்தான் வந்தார். ரேஸ் கார் திரும்பும் இடத்தில் பூசணிக்காய் உடைப்பது நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்!

பாஸ் பிறகுதான் ஓட இருந்தார். முதலில் வந்தது வெள்ளைக் கார். எனக்கு நேர் எதிரே பின்சில்லு அந்தக் கூழில் ஏறியது. கார் ஒரு பக்கமாகப் பறந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானில் தலைகுப்புற விழுந்தது. துரை மகனை இழுத்து எடுத்தார்கள். கால் முறிந்திருந்தது, முகத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் ரோடு முழுக்கச் சிவப்பு. குங்குமத்தைப் பார்த்து இரத்தம் என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். ரோட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். பிறகு அவர் வாயிலிருந்து வந்த சொல்லையும் கேட்டேன்.

"ஒயிலு! லொறி ஒயிலு! எவனோ ஒயில ஊத்தியிருக்கான்! தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்!"

எல்லாரும் பீலிக்கு ஓடினார்கள். வாளி வாளியாக ஊற்றினார்கள். அடுத்த கார் வர வேண்டுமே, நல்ல மனதோடுதான் ஊற்றினார்கள். என் அம்மாவும் ஒரு வாளி ஊற்றினாள். அவள் புருஷனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவளே கழுவிக் கானுக்குள் விட்டாள்.

*

அன்றைக்குக் கப் பாஸுக்குப் போனது. மறுநாள் கணக்கப்பிள்ளை இரண்டு கங்காணிமாரோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். லொறி ஒயில் டின்னைத் தேட வந்தாராம். லொறி டிரைவர் வீட்டில் ஒயில் டின் இல்லாமல் பூஜைச் சாமானா இருக்கும்? அடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்தார். எடுத்துத் திரும்பும்போது வாசற்படியில் இருந்த என் மீன் டின் காரை மிதித்தார். நசுங்கிய சத்தம் கேட்டது. அவர் கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை.

நான் அம்மாவிடம் பூசணிக்காயைச் சொன்னேன். பளார் என்று ஒன்று விழுந்தது.

"வாயத் தொறந்தே, நாக்க இழுத்து அறுத்துருவேன். பெரிய எடத்து விசயம்."

வெகுகாலம் வரைக்கும் அம்மாவைக் கோழை என்று நினைத்திருந்தேன். வேலை போனால் அந்த ஒற்றைக் காம்பராவும் போகும், பாத்திரம் பண்டத்தோடு ரோட்டில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் மகளின் வீட்டு வாடகையைப் பற்றி யோசிக்கும் வயது வந்த பிறகுதான் அது புரிந்தது. பாவம் அம்மா.

அப்பாவிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"திருஷ்டிக்குத்தான் ஒடச்சிருப்பாருடி. வேணும்னு செய்யல. நான் போயி மரியாதையா சொன்னா, அவரே ஒத்துக்குவாரு" என்றார்.

அப்பா செய்த தப்பு அது ஒன்றுதான். மரியாதையாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பினார்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக் கந்தோருக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார், சாட்சிக்கு. கந்தோர் விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெரிய துரை நாற்காலியில், பக்கத்தில் கணக்கப்பிள்ளை, கிளாக்கர் ஐயாமார், இரண்டு மூன்று கங்காணிமார். அப்பா மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாமல், வளைவில் பூசணிக்காய் உடைத்திருந்ததாகவும், கார் அதில் வழுக்கியிருக்கலாம் என்றும் சொன்னார். யார் உடைத்தார் என்றுகூடச் சொல்லவில்லை. உடைத்தவருக்கே சந்தர்ப்பம் கொடுத்தார்.

கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"பூசணிக்கா வழுக்குமா துரை? பூசணிக்கா! கேட்டீங்களா?"

துரை சிரித்தார். கிளாக்கர் ஐயாமார் சிரித்தார்கள். கங்காணிமார் துரை சிரித்ததால் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்து வெற்றிலை எச்சிலை வேட்டியில் விட்டுக்கொண்டார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அத்தோடு லொறி போனது. அப்பாவைக் கான் வெட்டப் போட்டார்கள். அதுவும் எங்கே? அதே ரோட்டோரம். அவர் ஓட்டிய லொறியை வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டு போவான், மழை நாளில் சேறு அப்பாவின் முதுகில் தெறிக்கும். மலை ஓட்டத்தையும் துரை நிறுத்திவிட்டார். துரை மகன் கால் கொஞ்சம் இழுக்க, வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதுகூடப் பெரிதில்லை. இனிமேல் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கராஜ் பாஸ் எங்கள் லயத்துக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், பேப்பரில் சுற்றிய சாராயப் போத்தல். அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"மச்சாங், ஹரி வெடக் நே களே!" என்றார். பலே வேலை செய்துவிட்டாயே என்று பாராட்டு. பிறகு தமிழில், "நமக்காகத்தானே செஞ்சது? நான் மறக்க மாட்டேன்" என்றார்.

அப்பா போத்தலைத் திருப்பி அவர் கையில் வைத்தார்.

"நான் ஒண்ணும் செய்யல பாஸ். கப்பு நீங்க ஓட்டி எடுத்தது."

பாஸ் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலை நான் மறக்கவே மாட்டேன். அப்பா தலைமேல் வைத்திருந்த மனிதர், தன் கப் ஒயில் ஊற்றி வந்தது என்று நம்பிச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போனார்.

பீலியிலும் அதே கதைதான். பாஸ் கட்சிக்காரர்கள் அப்பாவுக்கு வெற்றிலை நீட்டினார்கள். "துரைக்கே ஆப்பு வச்ச ஆளு" என்று முதுகில் தட்டினார்கள். திட்டியவர்களை அப்பா தாங்கிக்கொண்டார். தட்டிக்கொடுத்தவர்கள்தான் அவரைக் கொன்றார்கள். கண் திறந்த கட்சி என்று சொன்னவருக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு எங்கே கார்ப் பேச்சு வந்தாலும் எழுந்து போய்விடுவார். எனக்கு வேறு கார் செய்து தரவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன். இதே கடையில், இதே பெஞ்சில், புதிதாக யாராவது வந்தால் என்னை எப்படி அறிமுகப்படுத்துகிறீர்கள்? "நம்ம அக்காவோட அப்பாதான் அந்தக் காலத்துல ஒயில் ஊத்தி துரை மகனக் கவுத்துவிட்ட டிரைவரு." பெருமையாகத்தான் சொல்கிறீர்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். ஏன்? நான் வாயைத் திறந்தால் நீங்களும் கேட்பீர்கள், பூசணிக்காய் வழுக்குமா என்று. சிரிப்பீர்கள். அந்த விறாந்தைச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. வழுக்கும் என்ற வார்த்தை கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவாக வேலை செய்த காலமெல்லாம் றக்வானயில் அவருடைய இரும்புக்கடையைத் தாண்டித்தான் பஸ்ஸில் போவேன். கடை வளர்ந்தது, மாடி வந்தது, கண்ணாடி வந்தது. ஒரு ஆணிகூட அங்கே வாங்கினதில்லை. பிறகு மகள் சொந்த வீடு கட்டித் தகரம் போட்டபோதும் பெல்மதுளைக்குப் போய் வாங்கி, லொறிக் கூலி கொடுத்துக் கொண்டுவந்தேன். மருமகன் பைத்தியம் என்றார். பைத்தியம்தான்.

*

பிறகு அவர் பேரன் வந்தான். அந்தப் பையனைப் பற்றி இந்தக் கடையில் முதலில் பேசியது நான்தான், மறந்துவிடாதீர்கள். சின்ன நீலக் காரில் அவன் ஓட்டுவதை ஃபோனில் பார்த்துவிட்டு, இந்த சீசன் இவனுடையது என்று சொன்னேன். பையன் மேல் எனக்கு என்ன கோபம்? நன்றாக ஓட்டுகிறவனை நன்றாக ஓட்டுகிறான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா சொல்லிக் கொடுத்தது அது.

அத்தனை காலத்துக்குப் பிறகு அதே ரோட்டில் மலை ஓட்டம் என்றதும் நாம் எல்லாரும் போனோம். ஓட்டத்தை நடத்தும் கிளப்காரர்கள் த்ரீவீல்காரரை முச்சந்தி வளைவில் கொடிக்காரராக நிறுத்தினார்கள். கையில் ஒரு கொடி, கீழே ஸ்டோர் வாசலோடு பேச ஒரு ரேடியோ. நான் அவரோடு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு, பிரதம விருந்தாளிக்கு நாற்காலி.

மோட்டார் சைக்கிள் ஓட்டங்கள் முடிந்து கார்கள் தொடங்குவதற்கு இடையில் கொஞ்சம் ஓய்வு. அப்போது அவர் எழுந்தார். அவருடைய கடைப் பையன் ஒருவன் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்தான். பூசணிக்காய். மேலே குங்குமம், கற்பூரம்.

நான் த்ரீவீல்காரரின் முழங்கையை இடித்தேன்.

"ஐயா, ரோட்டுல வேணாங்கய்யா" என்று த்ரீவீல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாமி காரியம்ப்பா. பேரன் மொத தடவ இந்த மலை ஏறுறான். நீ பேசாம இரு."

மூன்று சுற்று. உடைத்தார். அதே இடம். பெரிய துண்டுகளைச் சப்பாத்து நுனியால் கானுக்குள் தள்ளினார். அதே தள்ளல். கூழும் விதையும் கிடந்தன. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். ஒரு மனிதன் இப்படியும் மறப்பானா? தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, அது உண்மையாகவே ஆகிவிட்டிருக்கிறது அவருக்கு.

நான் த்ரீவீல்காரர் காதில் ஒரு விஷயம் சொன்னேன். பிறகு தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஈர்க்குமாற்றை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். கீழே ஒலிபெருக்கி பேரனின் பெயரைச் சொல்லியது. ஸ்டோர் வாசலில் நீலக் கார் உறுமுகிற சத்தம் மேலே வந்தது.

"ஐயா, பூசணிக்கா வழுக்குமா?"

"என்னது?"

"பூசணிக்கா. தார் ரோட்டுல ஒடச்சா வழுக்குமா?"

"யாரும்மா நீ?"

"கொழுந்து லொறி டிரைவர் மக."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். மறந்தது எல்லாம் திரும்பி வருவதை அந்த முகத்தில் பார்த்தேன். ஐயோ, அதைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! கீழே கார் இன்னொரு முறை உறுமியது. அவர் எழுந்துவிட்டார்.

"டேய், யாராச்சும் அதக் கூட்டுங்கடா! சீக்கிரம்!"

கடைக்காரப் பையன் ஓடி வந்தான். நான் விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினேன்.

"யாரும் தொடக் கூடாது. வழுக்காதுன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும், ஐயா ஒக்காரலாம். வழுக்கும்னா ஐயாவே கூட்டட்டும்."

"ஏம்மா, பையன் வந்துக்கிட்டு இருக்கான்!"

"அன்னைக்கும் ஒரு பையன்தான் வந்தாரு."

என் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினார். கூட்டினார். வெள்ளைக் காற்சட்டை முட்டி வரைக்கும் குங்குமம். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் கீழே எட்டிப் பார்க்கிறார். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"ஏன் கூட்டுறீங்கன்னு வாயால சொல்லுங்க."

"வழுக்கும்."

"கேக்கல."

"வழுக்கும்மா! வழுக்கும்!"

"அன்னைக்கு?"

விளக்குமாறு நின்றது. மூச்சு வாங்கியது அவருக்கு. "அன்னைக்கும் அதுதான் வழுக்குச்சு" என்றார். "ஒங்கப்பா ஒண்ணும் செய்யல."

த்ரீவீல்காரரே, கேட்டீர்கள்தானே? இவர்களுக்குச் சொல்லுங்கள். தலையை ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

"கேட்டேன்க்கா. அப்பிடித்தான் சொன்னாரு."

நல்லது. நான் அங்கேயும் விடவில்லை. கூழ் போனாலும் விதைகள் தாரில் ஒட்டிக்கொண்டிருந்தன. "வெதையும் வழுக்கும் ஐயா" என்றேன். அவர் முட்டி போட்டு, ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்து எடுத்தார். எடுத்த விதைகளை எங்கே போடுவது என்று தெரியாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேரன் வந்தான். முச்சந்தி வளைவில் காரின் மூக்கை உள்ளே குத்தி, வாலை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினான் பாருங்கள், எனக்குக் கை தானாகத் தட்டியது. அன்றைய நாளின் மிகச் சிறந்த நேரம் அவனுடையதுதான். வரப்போகும் சீசனிலும் அவனைத்தான் சொல்வேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இல்லை. இதை அவரிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் எனக்கு மனது ஆறவில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். இனி இந்தக் கடையில் என் அப்பாவோடு சேர்த்து ஒயில் என்ற சொல் வரக்கூடாது. திட்டாகவும் வேண்டாம், பாராட்டாகவும் வேண்டாம்.

ஐயா, நீங்கள் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் உயிரை வைத்து விளையாடினேன் என்றுதானே? நான் த்ரீவீல்காரர் காதில் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "கீழ சொல்லுங்க, நான் கை காட்டுற வரைக்கும் ஒரு காரையும் விட வேணாம்." அவர் ரேடியோவில் சொன்னார், அவர்களும் பிடித்து வைத்தார்கள். பையன் ஸ்டோர் வாசலில் நின்ற இடத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தான். நான் கை காட்டும்வரை அவன் ஏறப்போவதே இல்லை. அந்த மனிதர் மட்டும்தான் அது தெரியாமல் கூட்டினார்.

இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது. என்னைக் கண்டால் கடைக்குள் போய்விடுகிறார், ராத்திரியில் தூக்கமில்லை என்று பேரனிடம் சொல்கிறாராம். உங்களில் யாருக்காவது இரக்கம் வந்து, றக்வான டவுனுக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லி, மனதை ஆற்றலாம் என்று தோன்றும். போகாதீர்கள். ஆற வேண்டாம்.